பிள்ளை செத்தா எத்தனை நாள்?

தமிழகத்துத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். சங்கம் கட்டியதை எழுதினார்கள், ஆலை மூடியதை எழுதினார்கள், எட்டு மணி நேர வேலையை எழுதினார்கள், போனஸ் போராட்டத்தை எழுதினார்கள். காலையில் பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு மறுநாள் காலையில் களைவெட்டப் போனவளை யாரும் எழுதவில்லை. துக்கம் இல்லாமலா அவள் போனாள்? போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும். வேலை போனால் மிச்சம் இருக்கிற பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

பெற்ற பிள்ளை செத்தால் தாய் தகப்பன் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம்? திரும்பிப் போகும்போது அந்த வேலை அவர்களுக்கு இருக்குமா? இருந்த நாளைக்குக் கூலி உண்டா? இந்த மூன்று கேள்வியையும் சாத்திரத்திடமும் சட்டத்திடமும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கேட்கிற இடம் கொல்லிமலை, பெரக்கரை நாடு.

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரி ஞாபகம் வரும். சுற்றுலாக்காரர்களுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஆகாயகங்கை அருவியும் ஞாபகம் வரும். அங்கே குடியிருக்கிற சனங்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நாமக்கல் மாவட்டத்து மலையான இது பதினான்கு நாடுகளாகக் கிடக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று போகிற வரிசையில் ஒன்று பெரக்கரை நாடு. நாடு என்றால் பழைய வழக்கில் பல ஊர்கள் சேர்ந்த கூட்டம். இன்றைக்கு அது ஒரு ஊராட்சி. இருப்பவர்களில் ஆகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். மலையாளி என்பதால் கேரளக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்றுதான் அர்த்தம். பேச்சு தமிழ்தான்.

நான் மலைக்குக் கீழே சேரியில் பிறந்தவன். மலைச்சனம் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வதும், அந்தப் பேரோடு ஒட்டி வருகிற தீட்டு எண்ணமும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர்களோடு நேருக்கு நேர் பேசியும் இருக்கிறேன், இன்னும் பேசுவேன். ஆனால் செங்கல் சூளையில் சேறு மிதிக்கும்போது அவர்களும் நாங்களும் ஒரே குழியில்தான் நிற்கிறோம். செத்த பிள்ளைக்கு நாள் கிடைக்காததும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால் இந்தக் கட்டுரையில் 'நாம்' என்று எழுதும்போது இரண்டு சனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சாத்திரம் போட்ட கணக்கு

துக்கத்துக்கு நாள் குறிப்பது புதுசு ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் முதலில் குறித்தவர்கள் தர்மசாத்திரக்காரர்கள். மனு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: சாவுத் தீட்டு பார்ப்பனருக்குப் பத்து நாள், சத்திரியருக்குப் பன்னிரண்டு, வைசியருக்குப் பதினைந்து, சூத்திரருக்கு ஒரு மாதம். சின்னப் பிள்ளை செத்தால் நாள் குறையும். முடி எடுக்காத குழந்தைக்கு ஒரு இரவு, முடி எடுத்த குழந்தைக்கு மூன்று இரவு. இரண்டு வயசுக்குள் இறந்ததைத் தீ வைக்காமல், நீர்க்கடன் செய்யாமல் ஊருக்கு வெளியே புதைத்துவிட வேண்டும். நம் ஊர்களில் இன்றைக்கும் "சிறுசு தானே, கருமாதி எதுக்கு" என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சும் இந்தக் கணக்கும் ஒரே வழியில் நடக்கின்றன. பிள்ளையின் சாவு சின்னச் சாவு. அளவு சின்னது என்பதால் துக்கமும் சின்னது என்று முடிவு கட்டியாயிற்று.

இது நம்மில் பலரும் கேள்விப்பட்டதுதான். அதிகம் பேசப்படாத இடம் ஒன்று இருக்கிறது. பராசர ஸ்மிருதி போன்ற நூல்கள் சிலருக்கு மட்டும் தீட்டு உடனடியாகப் போய்விடும் என்று சொல்கின்றன. அந்தப் பட்டியலில் ராசா இருக்கிறார், ஏனென்றால் ஆட்சி நிற்கக்கூடாது. வைத்தியர் இருக்கிறார், நோயாளி காத்திருக்க முடியாது. கைவினை செய்கிறவர்கள், நாவிதர்கள் இருக்கிறார்கள். கூடவே அடிமை ஆணும் அடிமைப் பெண்ணும் இருக்கிறார்கள்.

இதை நிறுத்திப் படிக்க வேண்டும். தொட்டாலே தீட்டு என்று ஒதுக்கிய கூட்டம், அடிமையின் வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் தீட்டை அந்தக் கணமே ரத்து செய்துவிடுகிறது. ஏன்? அடிமை பத்து நாள் ஒதுங்கி உட்கார்ந்தால் ஆண்டை வீட்டு மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது? துக்க நாளைத் தீர்மானித்தது புனிதம் இல்லை, வேலைதான். யாருடைய வேலை நின்றால் யாருக்கு நட்டம் என்கிற கணக்குத்தான் சாத்திரமாக எழுதப்பட்டது. விடுப்பு விதிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆரம்பிக்கக் கூடாது. இங்கே ஆரம்பிக்க வேண்டும்.

தமிழ் இலக்கியம் படித்த புண்ணியத்துக்கு இன்னொன்றும் சொல்லலாம். புறநானூற்றின் 74-ஆம் பாட்டு, சிறையில் கிடந்த சேரமான் கணைக்காலிரும்பொறை பேரில் இருக்கிறது. தன் குலத்தில் குழந்தை இறந்தாலும், உருவம் கூடாத சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் என்று எண்ணி வாளால் கீறாமல் விடமாட்டார்கள் என்கிறது பாட்டு. வீரப் பெருமைக்காகச் சொன்னதுதான். ஆனாலும் ராசா வீட்டில் செத்துப் பிறந்த பிள்ளைக்கும் ஆள் கணக்கு இருந்தது என்பது அதில் பதிவாகியிருக்கிறது. பறை அடித்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இருந்ததா என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

பறை என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். ஊர்ச் சாதிக்காரன் வீட்டில் சாவு என்றால் நம் ஆளுக்கு எத்தனை வேலை! கேதம் சொல்லப் போக வேண்டும். பறை அடிக்க வேண்டும். குழி வெட்ட வேண்டும், இல்லையென்றால் பிணம் வேகும்வரை சுடுகாட்டில் காவல் நிற்க வேண்டும். வீட்டில் நம் பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் போக வேண்டும். அவன் துக்கம் நமக்கு வேலை. நம் துக்கம் அவனுக்கு வேலைக் கேடு. தலித் மக்கள் சாவு மேளம் அடிக்க மாட்டோம், குழி வெட்ட மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்தார்களே, அந்தப் போராட்டத்தைச் சுயமரியாதைப் போராட்டம் என்று மட்டும் பார்க்கிறோம். யாருடைய சாவுக்கு யாருடைய நேரம் என்கிற போராட்டமும் அதற்குள் இருந்தது.

போனால் ஜெயில்

வெள்ளைக்காரன் வந்ததும் சாத்திரம் சட்டமாக மாறியது. 1859-இல் ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிய வேலையாள் தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். மீறினால் மூன்று மாதம் வரைக்கும் ஜெயில். கடனை அடைக்காதது சிவில் விவகாரம் என்று மற்றவர்களுக்கெல்லாம் இருந்தபோது, கூலிக்காரனுக்கு மட்டும் அது குற்றம். போதாது என்று 1903-இல் சென்னை மாகாணத்துத் தோட்ட முதலாளிகளுக்காகவே தனிச்சட்டமும் வந்தது.

காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னால் போனவர்களில் பெரும்பகுதி யார் என்று நமக்குத் தெரியும். ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் கண்டிச் சீமைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு நடந்த பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் அவை. மலைக்காய்ச்சலில் பெரியவர்களே விழுந்தார்கள், பிள்ளைகள் எந்த மூலைக்கு? ஆனைமலைத் தோட்டங்களில் 1940களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல், தொழிலாளர்களிடம் கேட்டறிந்ததை வைத்து எழுதிய நாவல் 1969-இல் ஆங்கிலத்தில் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதைப் படித்தவர்களுக்குத் தோட்டத்துச் சாவு எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 1859 சட்டத்தில் இருக்கிற 'தகுந்த காரணம்' என்கிற சொல்லைப் பாருங்கள். பிள்ளை செத்துப் போனது தகுந்த காரணமா? அதைத் தீர்மானிப்பது பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற கங்காணி. அதற்கு மேல் துரை. அதற்கும் மேல் துரையோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாஜிஸ்திரேட். பிள்ளையின் உடம்பைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக நினைத்த தகப்பனும், பித்துப் பிடித்து ஊருக்கு நடந்த தாயும் சட்டத்தின் கண்ணுக்கு ஓடிப்போன கூலிகள். அறுபத்தாறு வருசம் உயிரோடு இருந்த இந்தச் சட்டத்தை 1925-இல்தான் நீக்கினார்கள். உலகத்தில் மற்றவர்கள் எத்தனை நாள் விடுப்பு என்று பேசுகிறார்கள். நம் வரலாறு, போனால் எத்தனை மாதம் ஜெயில் என்பதில் தொடங்குகிறது.

நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்

அந்தச் சட்டம் ஒழிந்த காலத்தில், 1926 ஜூலை மாதம், பம்பாயில் ஒரு குழந்தை செத்தது. பேர் ராஜரத்னா. தகப்பன் பேர் பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர். ராஜரத்னாவுக்கு முன்பே கங்காதர், ரமேஷ், இந்து என்று மூன்று பேரைப் பறிகொடுத்த வீடு அது. ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் மட்டுமே மிஞ்சினார். நாலு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த ரமாபாய் அதன் பிறகு ஒன்பது வருசம்கூட இருக்கவில்லை. 1935 மே மாதம் காலமானார். கடைசிப் பிள்ளை போன மறுமாதம் பாபாசாகேப் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. வாழ்க்கையே வெறுத்துப் போன ஒரு தகப்பனின் கடிதம் அது. சிலையில் கோட்டும் கையில் புத்தகமுமாகப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த மனுசனைத் தெரியாது.

ராஜரத்னா இறந்து எட்டு மாதத்தில் மகாடு குளத்துப் போராட்டம், 1927 மார்ச். அதற்கு அடுத்த வருசம், 1928 ஜூலையில், பம்பாய் சட்டசபையில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அம்பேத்கர் எழுந்து ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அதன் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்தச் சட்டம் 1929-இல் நிறைவேறியது. சென்னை மாகாணத்துக்கு 1934-இல் அதே மாதிரி ஒரு சட்டம். பிறகு 1942-லிருந்து 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது, சுரங்கத்தில் வேலை பார்த்த பெண்களுக்கான மகப்பேறுச் சட்டத் திருத்தங்களையும் அவரே கொண்டுவந்தார்.

தன் சொந்தத் துக்கத்தைச் சட்டசபையில் அவர் பேசினார் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு பிள்ளைகளைப் புதைத்த ஒருவர் எழுந்து, தாயின் உடம்புக்கு ஓய்வு கொடு, அதற்குக் காசும் கொடு என்று கேட்டதை நம் வரலாற்றில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்கிறேன். இதுவரை ஒரு பக்கத்தில் தலைவரையும் இன்னொரு பக்கத்தில் தகப்பனையும் வைத்துப் பிரித்தே எழுதியிருக்கிறோம்.

சட்டம் எண்ணுகிற பிள்ளை

அந்த வழியில் வந்ததுதான் 1961-ஆம் வருசத்து மகப்பேறு நலச் சட்டம். 2017-இல் பன்னிரண்டு வார விடுப்பை இருபத்தாறு வாரமாக ஆக்கினார்கள். உயிரோடு இரண்டு பிள்ளை இருந்தால் பழையபடி பன்னிரண்டுதான். இந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது; 2025 நவம்பர் 21 முதல் அதுதான் நடைமுறை.

1961 சட்டத்தில் செத்த பிள்ளைக்கு என்ன இடம்? நல்லது ஒன்று இருக்கிறது. செத்துப் பிறந்த பிள்ளையும் பிள்ளைதான் என்று அது விளக்கம் சொன்னது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் கூலியோடு விடுப்பு என்றும், அந்த நாட்களில் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றும் எழுதியது. சேரமான் குலத்துக்கு இருந்த ஆள் கணக்கு, ஏட்டளவில் ஆலைத் தொழிலாளிக்கும் வந்தது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி. பிரசவித்த தாய் செத்துப் பிள்ளை பிழைத்திருந்தால், முழுக் காலத்துக்கும் உள்ள பணத்தை முதலாளி கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையும் அந்தக் காலத்துக்குள் செத்துவிட்டால், செத்த நாள் வரைக்கும் மட்டும் கொடுத்தால் போதும். பெண்டாட்டியையும் பிள்ளையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவன் வீட்டுக்குச் சட்டம் அனுப்புகிற கடைசிக் கணக்கு இதுதான்: இந்தத் தேதியோடு பற்று முடிந்தது.

2022 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. மத்திய அரசில் வேலை பார்க்கிற பெண்ணின் குழந்தை பிறந்ததும் இறந்தாலோ, செத்துப் பிறந்தாலோ, அந்தத் தாய்க்கு 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு. தாயின் மனசு உடைந்து போகும் என்பதை அரசாங்கமே எழுத்தில் ஒத்துக்கொண்ட உத்தரவு என்பதால் இது முக்கியமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இனி நிபந்தனைகளைப் பாருங்கள். குழந்தை பிறந்த 28 நாளுக்குள் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிற பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரசவம் அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரியில் நடந்திருக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் செத்த பிள்ளைக்கு அறுபது நாள். இருபத்தொன்பதாம் நாள் செத்தால் இந்த உத்தரவில் ஒன்றும் இல்லை. மூன்று வயசில், பள்ளிக்கூடம் போகிற வயசில் செத்தால் அதற்கும் இல்லை. உயிரோடு இரண்டு பிள்ளை இருக்கிறவளுக்கு மூன்றாவதின் சாவு வலிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். தகப்பனுக்கு இந்த உத்தரவில் ஒரு நாள்கூடக் கிடையாது. அவன் அழ வேண்டியதில்லை போலிருக்கிறது. மனுவின் ஒரு இரவு, மூன்று இரவு கணக்கைப் படித்துவிட்டு இதையும் படித்தால் எண்கள்தான் மாறியிருக்கின்றன.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2010-இல் லூசி ஹெர்ட் என்கிற பெண்ணின் மகன் ஜாக், இரண்டு வயசுகூட நிரம்பாதவன், குளத்தில் மூழ்கி இறந்தான். அவன் தகப்பனுக்குக் கிடைத்த விடுப்பு மூன்று நாள். அதில் ஒரு நாள் அடக்கத்துக்கே போய்விட்டது. அந்தத் தாய் வருசக்கணக்கில் அலைந்து போராடியதன் பயனாக 2018-இல் சட்டம் நிறைவேறி 2020 ஏப்ரல் 6 முதல் அமலுக்கு வந்தது. பதினெட்டு வயசுக்குள் பிள்ளையை இழந்த தாய், தகப்பன் இருவருக்கும் இரண்டு வாரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. பிள்ளை இறந்த 56 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் துக்கம் முதல் வாரத்தோடு முடிவதில்லை. மக்கள் அதை ஜாக் சட்டம் என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1993-இல் வந்த குடும்ப விடுப்புச் சட்டம் பிள்ளை பிறந்தால் பன்னிரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு கொடுக்கிறது, பிள்ளை செத்ததற்கென்று ஒன்றும் வைக்கவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லி 2011 முதல் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகாமலே கிடந்தன. இல்லினாய் மாநிலம் 2016-இல் தனியாகப் பத்து வேலை நாள் கொடுத்தது. இங்கெல்லாம் 'வேலையாள்' என்று ஏட்டில் பேர் இருப்பவர்களுக்கே இந்த நாட்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பேர் இல்லாதவர்கள் கதை எங்கேயும் ஒன்றுதான்.

பெரக்கரை நாட்டுக் கணக்கு

மலையில் சொந்தக் காட்டில் சாமையும் தினையும் விதைத்துச் சாப்பிட்ட காலத்தில் விடுப்பு என்கிற பேச்சுக்கே வேலை இல்லை. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் காட்டுக்குப் போவதில்லை. செத்தது சிறுசோ பெருசோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். களை நின்றால் பங்காளி வந்து எடுத்துக் கொடுப்பான். எழுதாத விடுப்பு அது. பிறகு மரவள்ளி வந்தது. சாமைக் காடுகள் கீழே இருக்கிற ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு அனுப்புகிற காடுகளாக மாறின. விலை விழுந்த வருசங்களில் கடன் ஏறியது. கடன் ஏறியதும் மலை இறங்கினார்கள். நான் பழகிய குடும்பங்களில் செங்கல் சூளைக்கும், கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும், காப்பித் தோட்டத்துக்கும் போகாத குடும்பம் குறைவு.

அப்படிப் போய் வந்த ஒரு அம்மா சொன்னதை அவர் சம்மதத்தோடு, பேர் சொல்லாமல், எழுதுகிறேன்:

"முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டுத்தான் போனோம் சாமி. அவரு சேறு மிதிப்பாரு, நான் கல் அறுப்பேன். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கணக்கு. சின்னவனுக்கு மூணு வயசு. காய்ச்சல் அடிச்சுது, மருந்துக்கடையில வாங்கிக் குடுத்தோம். நாலாம் நாள் ராத்திரி பேச்சு மூச்சு இல்ல. ஊருக்குத் தூக்கிட்டுப் போறோம்னு கேட்டோம். போனா திரும்பி வருவீங்களான்னு மேஸ்திரி கேக்குறாரு. ஆத்தோரமாவே வெச்சிட்டோம். ஓனரு ஐந்நூறு ரூவா குடுத்தாரு, கோடித்துணிக்கு. மூணாம் நாள் மேஸ்திரி வந்து, சேறு காயுது, மழை வந்தா போச்சு, எந்திரிங்கன்னாரு. எந்திரிச்சோம். கல் அறுக்கையில பால் கட்டிக்கிட்டு மார் வலிச்சுது, மூணு வயசு வரைக்கும் குடிச்சவன். கணக்கு முடிக்கையில பாத்தா அந்த ஐந்நூறும் அட்வான்சுல ஏறியிருக்கு."

கணக்கு நோட்டில் பேர் புருசனுடையது மட்டும். அறுத்த கல்லில் பாதி அவர் கையில் அறுத்தது, ஆனால் நோட்டில் அவர் இல்லை. இல்லாத தொழிலாளிக்கு மகப்பேறுச் சட்டம் எது, துக்க விடுப்பு எது? 1948-ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருசத்தில் 240 நாள் வேலை செய்தவருக்குத்தான் இருபது நாளைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு கொடுத்தது. புதுத் தொகுப்புச் சட்டம் அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் மட்டும் நடக்கிற சூளையில், பேரே இல்லாத நோட்டில், அந்த 180 நாளை எவன் எண்ணுவான்?

ஊரிலேயே இருந்து நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் நிலைமை மட்டும் என்ன? 2005-இல் வந்த அந்தச் சட்டம் வேலைத்தலத்தில் நிழல் வேண்டும், குடிதண்ணி வேண்டும், ஐந்து சிறு பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றெல்லாம் நல்லபடியாக எழுதியது. உயிரோடு இருக்கிற பிள்ளையை நினைத்தது. செத்த பிள்ளைக்கு அதில் ஒரு நாள் இல்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் அதிகமாகச் சாகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பிறந்த ஆயிரத்தில் ஒரு வயசுக்குள் இறந்த குழந்தைகள் பட்டியல் சாதியில் 45, பழங்குடிகளில் 44, முன்னேறிய பிரிவினரில் 32. தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு நல்ல கணக்கு. 2020-இல் ஆயிரத்துக்கு 13 என்று வந்தது, இந்தியா முழுமைக்கும் 28. அந்த நல்ல கணக்கு மலை ஏறும்போது எத்தனை வளைவில் நின்றுவிடுகிறது என்று பெரக்கரை நாட்டுத் தாய்மாரைக் கேட்டால் தெரியும். யாருக்கு விடுப்பு அதிகம் தேவையோ அவர்களிடம் விடுப்பு இல்லை.

ஆடி 18-ஐ ஒட்டிச் செம்மேட்டில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறார்கள். அதற்காக நாமக்கல் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்ட வருசங்கள் உண்டு. செத்து இரண்டாயிரம் வருசம் ஆன ராசாவுக்கு ஒரு நாள் விட முடிகிற நிர்வாகம்தான் இது.

என்ன கேட்கப் போகிறோம்?

முதலாவது, கையில் இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்துவது. 1976-ஆம் வருசத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காட்டி ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போகிற சுதந்திரத்தைப் பறித்தால் அதுவே கொத்தடிமை என்கிறது. செத்த பிள்ளையை ஊருக்குத் தூக்கிப் போக விடாத சூளை, அந்த ஒரு காரணத்தாலேயே கொத்தடிமைச் சூளை. கோட்டாட்சியரிடம் மனு எழுதும்போது அடியையும் பூட்டையும் தேடிக்கொண்டிருக்காமல் இதை முதல் வரியாக எழுத வேண்டும். 1859 சட்டத்தை 1925-இல் நீக்கினார்கள். மேஸ்திரி கேட்ட "திரும்பி வருவீங்களா?" என்கிற கேள்வியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள். அங்கே மகப்பேறுக்கு உதவித்தொகை உண்டு, கருச்சிதைவுக்கும் உண்டு, உறுப்பினர் செத்தால் குடும்பத்துக்கும் உண்டு. உறுப்பினரின் பிள்ளை செத்தால் இத்தனை நாள் கூலிக்கு ஈடாக இவ்வளவு என்று ஒரு இனம் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய அதிகாரியோ தேவையில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாக வேண்டும். பிள்ளையின் வயசு பதினெட்டு வரை. உயிரோடு எத்தனை பிள்ளை என்கிற கேள்வி கூடாது.

மூன்றாவது, சான்று. பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்று ஒரு குரல் வரும். பிள்ளை செத்துவிட்டது என்று எந்தத் தாயும் வாயால் பொய் சொல்ல மாட்டாள், அந்த வார்த்தையைச் சொல்லவே நம் சனம் பயப்படும். ஆனாலும் காகிதம் கேட்பார்கள். 1969-ஆம் வருசத்துப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். மலையில் வீட்டில் பிறந்து வீட்டில் செத்த குழந்தைக்குப் பிறப்பும் பதிவாகாமல் இறப்பும் பதிவாகாமல் போவது உண்டு. சூளையோரத்தில் புதைத்ததை எந்த ஊர் ஏட்டில் எழுதுவது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கிராம செவிலியரின், அங்கன்வாடிப் பணியாளரின் சொல்லே சான்றாக வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால், விடுப்பு வந்தாலும் அது காகிதம் வைத்திருப்பவர்களுக்கே போய்ச் சேரும்.

நான்காவது நமக்குள்ளேயே செய்ய வேண்டியது. நம் இயக்கங்களில், நம் சங்கங்களில், நம் பத்திரிகை அலுவலகங்களில் பிள்ளையை இழந்த தோழருக்கு எத்தனை நாள் கொடுக்கிறோம்? "போராட்டத்துல இறங்குனா மறந்துடும் தோழர்" என்று தோளைத் தட்டி அனுப்புகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அது மேஸ்திரியின் குரல்தான், கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறது. பாபாசாகேப்பை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்த எட்டு மாதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அடுத்த சூளைப் பருவத்துக்கு முன்பணம் கொடுக்க ஆட்கள் மலை ஏறுவார்கள். அதற்குள் பெரக்கரை நாட்டில் வீடு வீடாகப் போய், கடந்த பத்து வருசத்தில் எந்த வீட்டில் பிள்ளை செத்தது, எங்கே புதைத்தார்கள், எத்தனாம் நாள் வேலைக்குத் திரும்பினார்கள் என்கிற மூன்றை மட்டும் எழுதி எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சங்கத்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார்கள். மற்ற மலைகளிலும் சேரிகளிலும் இருக்கிற தோழர்கள் இதே மூன்று கேள்வியைக் கேட்டு எழுதினால், இதுவரை யாரும் எழுதாத அந்த வரலாறு நம் கையெழுத்திலேயே தொடங்கும்.